பனிக்காரனிடம் சொல்லிவிட்டு

திருமுல்லைவாயிலுக்குக் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஸ்டேஷனுக்குப் போகும் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் திட்டு வாங்கினேன். வாடகை ஒப்பந்தத்தை நகல் எடுத்து, காசைக் கொடுத்துவிட்டு, “சரிக்கா, போறேன்” என்று திரும்பியதுதான் நான் செய்த குற்றம்.

“இன்னாது?”

கடைக்கார அக்கா மெஷினின் மூடியைத் திறந்த கையோடு என்னை முறைத்துக்கொண்டு நின்றார்.

“போறேனா? எங்க போற? காலங்காத்தால கட வாசல்ல நின்னுகினு போறேன் கீறேன்னு. வரேன்னு சொல்லு நைனா.”

“வரேன்க்கா.”

“ஆங். போய்ட்டு வா.”

எனக்கு இது தெரியாத சங்கதி இல்லை. நான் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் வீட்டில் ஒருவன் ‘போறேன்’ என்று சொல்லி வாசலைத் தாண்டினால், அம்மா திரும்பக் கூப்பிட்டு, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சரியாகச் சொல்லவைத்துத்தான் அனுப்புவாள். சென்னைக்கு வந்தால் இதெல்லாம் தானாகக் கழன்றுவிடும் என்று நினைத்திருந்தேன். கழன்றுகொண்டுதான் இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் வேலை, மாடியில் ஒற்றை அறை. காலையில் பூட்டைப் பூட்டி ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்குவேன். நான் வெளியே போகிறேன் என்று சொல்லிக்கொள்ள அந்தப் படிக்கட்டில் யாரும் இல்லை.

அதனால் அந்தத் திட்டு எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள் எந்த வேலையும் இல்லாமலேயே கடை முன்னால் நின்று “வரேன்க்கா” என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “வா” என்றார். அதுவே வழக்கமாகிவிட்டது. பெயரை நான் கேட்கவில்லை. கடைப் பலகையில் ஒரு சாமி பெயர் இருந்தது, அது கடைக்கு. தெருவே அவரை அக்கா என்றது, நானும் அக்கா என்றேன்.

ஐம்பதை நெருங்கும் வயது. காட்டன் புடவை, கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட மூக்குக் கண்ணாடி, மை ஏறிக் கறுத்த ஆள்காட்டி விரல். கூட்டம் இல்லாதபோது சுருட்டிய காகிதத்தில் பொட்டுக்கடலை. யார் எதை நகல் எடுக்க வந்தாலும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் பார்த்து, “பேரு தப்பா கீது பாரு, மாத்து” என்று ஒரு அறிவுரை இலவசம். சிலருக்கு அது பிடிக்காது. பிடிக்காதவர்கள்கூட “வரேன்க்கா” சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார்கள். சொல்லாமல் போனால் வெளியே வந்து கூப்பிடுவார் என்று தெருவுக்கே தெரியும்.

அவர் விளையாடுகிற ஆள் என்பது எனக்குத் தெரிய சில வாரங்கள் ஆயின. ஒரு சனிக்கிழமை, ஆதார் அட்டையோடு போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் பனி மூடிய மலை, மரப்பாலம், பாலத்தின்மேல் தந்தம் முளைத்த ஒரு முரடன். தோளில் கோடரி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் என் அறையில் தனியாக உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்த அதே ஆன்லைன் விளையாட்டு. மந்திரவாதிகளும் அரக்கர்களும் புதையல்களும் நிறைந்த ஒரு கற்பனை தேசம் அது. உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருப்பவர்கள் ஒரே நேரத்தில் அதற்குள் நடமாடுவார்கள். அதில் நான் ஒரு நோஞ்சான் வில்லாளி. எந்தக் கூட்டமும் என்னைச் சேர்த்துக்கொண்டதில்லை. அந்த முரடன் போட்டிருந்த கவசத்தை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

“அக்கா, இது யாரு விளையாடுறது?”

“ஏன், நாந்தான். பொம்பள ஆடக்கூடாதா?”

“அய்யோ, அதுக்கில்லக்கா. நானும் இதுல இருக்கேன்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தார். “அப்ப குந்து” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அந்த முரடனை அக்கா உருவாக்கவில்லை. கடை முன்பு பிரௌசிங் சென்டராக இருந்தது. கல்லூரி மாணவன் ஒருவன் தினமும் வந்து விளையாடுவானாம். ஒருநாள் எழுந்து போனவன், விளையாட்டை மூடக்கூட இல்லை. முரடன் பாலத்தில் நின்றுகொண்டே இருந்தான். மாணவன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. படிப்பு முடிந்து ஊருக்குப் போய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள்.

“இவன் பாட்டுக்கு அம்போன்னு நிக்கிறான். மூச்சு வுடுறான், தலைய சொறியறான், அந்தாண்ட இந்தாண்ட பாக்கிறான். மெஷின ஆப் பண்ண மனசு வரல நைனா. ஒரு பட்டனத் தட்டுனேன், நடந்தான்.”

நடத்திக்கொண்டே போய்விட்டார். நான் பார்த்தபோது அவருடைய முரடன் சதுப்புநிலப் பாம்புகளைக் கொன்று, எரிமலையைக் கடந்து, கடலுக்கு அப்பாலிருந்த தீவுகளிலும் கொடி நட்டிருந்தான். ஆங்கிலம் படிவங்களில் படித்த ஆங்கிலம்தான். அது போதுமாக இருந்தது. ‘இன்னாரைக் கொல்’, ‘இன்னதைக் கொண்டுவா’ என்பதெல்லாம் தாலுகா ஆபீஸ் அறிவிப்பைவிட எளிது என்பார்.

ஆனால் அவர் விளையாடுவதில் ஒரு பெரிய கோளாறு இருந்தது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

அந்த தேசத்தில் ஒரு கல் உண்டு. அதைத் தொட்டால் நினைத்த இடத்துக்கு நொடியில் போகலாம். எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துவார்கள். அக்கா தொடமாட்டார். எவ்வளவு தொலைவானாலும் நடை. அதுகூடப் பரவாயில்லை. விளையாட்டை முடிக்கும்போது முடித்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போகலாம், அடுத்த நாள் அங்கிருந்தே தொடரலாம். அக்கா அப்படிச் செய்யமாட்டார். எரிமலையில் இருந்தாலும் தீவில் இருந்தாலும், முரடனை மொத்த வழியும் திரும்ப நடத்தி, முதல் பாலத்துக்கு அடுத்திருந்த ஊரின் வாசலுக்குக் கொண்டுவருவார். அங்கே ஒரு காவல்காரன் நிற்பான். அவன் மனிதன் இல்லை, விளையாட்டே நிறுத்திவைத்திருக்கும் பொம்மை. தட்டினால் அவன் சொல்வது ஒரே வாக்கியம்தான். ஆங்கிலத்தில் சொல்வான், அர்த்தம் இவ்வளவுதான்: “மலையில் பனி அதிகம், பயணியே. பார்த்துப் போ.”

அக்கா ஆங்கில எழுத்தில் ‘varen’ என்று தட்டுவார். அவனைத் தட்டுவார். பனி அதிகம், பார்த்துப் போ என்பான். “சரிப்பா” என்று வாயால் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் மூடுவார். அவனுக்குப் பனிக்காரன் என்று பெயரும் வைத்திருந்தார்.

“அக்கா, அவன் பொம்மை. எப்பவும் அதையேதான் சொல்லுவான்.”

“தெரியும் நைனா. தெரிஞ்சத சொல்றான். கம்முனு இல்லாம ஏதோ ஒண்ணு சொல்றான் பாரு.”

“அந்தக் கல்லைத் தொட்டா நேரம் மிச்சமாகும்ல?”

“அது சொல்லாம போறது. எனக்கு ஆவாது.”

அன்றைக்கு நான் சிரித்தேன். இப்போது அயனம்பாக்கத்தில் ஏரிப் பக்கம் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறேன். வாட்ச்மேன் ஒடிசாக்காரர், தமிழ் அவ்வளவாக வராது. தினமும் அவரிடம் “வரேன்ணே” சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். அவர் தலையை ஆட்டுவார். என்னைப் பற்றி என்ன நினைக்கிறாரோ தெரியாது.

அக்கா என்னைத் தன் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். எல்லோரும் தமிழ் ஆட்கள், ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவர்கள். கோயம்புத்தூர்க்காரன் ஒருவன் வாள்வீரன். யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி வைத்தியக்காரி, சண்டையில் அடிபடுபவர்களைக் குணப்படுத்துவது அவள் வேலை. மலேசியாவிலிருந்து இரண்டு பேர். தந்தத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் அக்காவை ‘அண்ணே’ என்றே அழைத்தார்கள். அக்காவும் திருத்தவில்லை. “இன்னாவோ கூப்புட்டுப் போவட்டும், கூப்புடுறாங்க இல்ல” என்பார்.

சிலந்தி ராணியின் குகைக்குப் போன கதையைச் சொல்ல வேண்டும். அந்த ராணியைக் கொல்ல வாரக்கணக்கில் தயாரானோம். நான் என் அறையில் அலைபேசியில் விளையாடிக்கொண்டிருந்தேன், அக்கா கடையில். ஒரு மணி நேரச் சண்டை. ராணிக்கு உயிர் நூலளவு மிச்சம். இன்னும் நாலு அடி விழுந்தால் முடிந்தது. அந்த நேரம் பார்த்து அக்காவின் கடைக்கு ஹால் டிக்கெட் எடுக்க ஒரு குடும்பமே வந்துவிட்டது. கம்ப்யூட்டர் வேண்டும். அக்கா பனிக்காரன்வரை நடக்கமுடியாது, சண்டை முடியும்வரை குகை வாசல் அடைத்திருக்கும். ஆகவே இருக்கிறவர்களிடம் சொன்னார். திரையில் ‘varen’ என்று வந்தது.

வேறு எந்த நாட்டு ஆளாக இருந்தாலும் சண்டையைக் கவனித்திருப்பான். நாங்கள் வளர்ந்த வளர்ப்பு வேறு. வரேன் என்று ஒருவர் வாசலில் நிற்கும்போது பதில் சொல்லாமல் எப்படி இருப்பது? வாள்வீரன் வாளை நிறுத்திவிட்டு ‘poitu vaanga anne’ என்று அடித்தான். மலேசியாக்காரர்கள் இருவரும் அடித்தார்கள். வைத்தியக்காரி வைத்தியத்தை விட்டுவிட்டு ‘poyittu vaango anna’ என்று நிதானமாக முழுசாக அடித்தாள். அடித்து முடிப்பதற்குள் சிலந்தி ராணி எங்கள் அத்தனை பேரையும் கொன்றுவிட்டது. கடைசியாக விழுந்தவன் நான். நானும் ‘vaanga’ என்று பாதிதான் அடித்திருந்தேன்.

மறுநாள் கடையில் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். “அத்தினி பேருமா சொன்னீங்க? சாவற நேரத்துலயா?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அதன் பிறகு கூட்டத்தில் ஒரு விதி போட்டோம். அண்ணன் வரேன் என்றால் பதில் சொல்வது கோயம்புத்தூர்க்காரன் பொறுப்பு, மற்றவர்கள் சண்டையைப் பார்க்கவேண்டும். அவனும் ஒழுங்காகச் செய்தான். அக்காவின் ‘varen’ வந்த அடுத்த நொடி அவனுடைய பதில் வந்து நிற்கும்.

அவன்தான் ஒருநாள் காணாமல் போனான்.

முந்தின நாள்வரை இருந்தான். ஆற்றங்கரையில் எங்களோடு மீன் பிடித்துக்கொண்டிருந்தான். நடுவில் அவனுடைய வாள்வீரன் மறைந்தான். இணைப்பு போயிருக்கும் என்று நினைத்தோம். மறுநாள் வரவில்லை. அந்த வாரம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. கூட்டத்தில் மற்றவர்கள் இரண்டு நாள் விசாரித்துவிட்டு வேறு வாள்வீரனைத் தேட ஆரம்பித்தார்கள். ஆன்லைனில் இது சகஜம். சலித்தால் விட்டுவிடுவார்கள், அதற்கு யாரிடமும் லீவு லெட்டர் கொடுக்கமாட்டார்கள்.

அக்கா மட்டும் தினமும் பனிக்காரனைப் பார்க்கப் போவதற்கு முன்னால் ஆற்றங்கரைக்கு நடந்தார். அவன் கடைசியாக நின்ற இடத்தில் முரடனைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பொட்டுக்கடலையைக் கொறித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது நகல் எடுக்க வந்தால் எழுந்துபோய் எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி வந்து உட்காருவார். எனக்கு அதைப் பார்க்கவே ஒருமாதிரி இருந்தது. ஒருநாள் பொறுக்காமல் சொல்லிவிட்டேன்.

“விளையாட்டுதானக்கா. போரடிச்சிருக்கும், விட்டுருப்பான்.”

“அப்ப அத்த சொல்லிட்டுப் போறதுக்கு இன்னா? ரெண்டெழுத்து தட்ட கை இல்லியா?”

“சில பேர் அப்படித்தான்.”

அவர் வெளியே ரயில் ஒன்று போய் முடியும்வரை காத்திருந்தார். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எங்கூட்டு மன்சன் அப்டித்தான் போச்சு. இதே கடதான். ரெண்டு பேருமாத்தான் போட்டோம். மதியம் சாப்ட்டுச்சு, கை கழுவுச்சு, செருப்ப மாட்டுச்சு, போய்டுச்சு. சண்டையும் இல்ல ஒண்ணும் இல்ல. டீக்குத்தான் போவுதுன்னு நெனச்சேன். நிமுந்துகூட பாக்கல நானு. பேப்பர் மாட்டிகினு இருந்துச்சு மெஷின்ல, அத்த இழுத்துகினு இருந்தேன்.”

“தேடலையாக்கா?”

“தேடாம? உயிரோடதான் கீது. ஆந்திராப் பக்கம் பாத்ததா ஒருத்தன் சொன்னான்.” பொட்டுக்கடலைக் காகிதத்தை மடித்து வைத்தார். “போறேன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா ஒழியட்டும்னு வுட்டுருப்பேன் நைனா. எனக்கும் ஒரு முடிவு. ஒண்ணும் சொல்லலியே. சொல்லாம போனா வருவான்னுதானே அர்த்தம்?”

எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஏன் கடையை மாற்றவில்லை, ஆவடியில் நல்ல இடம் கிடைத்தும் ஏன் போகவில்லை என்று எதிர் டீக்கடை மாஸ்டர் அடிக்கடி அலுத்துக்கொள்வார். மாஸ்டருக்குப் புரியாதது அன்றைக்கு எனக்குப் புரிந்தது. சொல்லாமல் போன அந்த மனிதருக்குத் தெரிந்த ஒரே வாசல் இதுதான். கோயம்புத்தூர்க்காரன் கடைசிவரை வரவில்லை.

அடுத்த கோடையில் விளையாட்டையே மூடப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. ஆட்கள் குறைந்துவிட்டார்கள், நடத்தக் கட்டுப்படியாகவில்லை. ஒரு சனிக்கிழமை மாலையோடு அந்த தேசம் அணைந்துவிடும். நான் அலைபேசியில் அதைப் படித்துக் காட்டினேன். அக்கா மெஷினில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“மூடுறாங்கன்னா? இன்னொரு எடத்துல தொறப்பாங்களா?”

“இல்லக்கா. அவ்வளவுதான். மலை, ஆறு எல்லாம் அழிஞ்சுரும்.”

“நம்ம ஆளு?”

“எல்லாமேதான்.”

தாள்களை மேசையில் தட்டிச் சமன்செய்தார். பிறகு அவர் கேட்ட கேள்வி இன்னும் எனக்கு மறக்கவில்லை.

“பனிக்காரன்கிட்ட யாராச்சும் சொன்னாங்களா?”

நான் சிரிக்கவில்லை.

“நாந்தான் சொல்லணும்” என்றார். “கடைசி நாளு. மூடுறதுக்கு மின்னாடி.”

அந்தச் சனிக்கிழமை கூட்டம் எல்லாம் மலை உச்சியில் கூடுவதென்று முடிவு. மந்திரவாதிகள் வாணவேடிக்கை விடுவார்கள், எல்லோரும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அக்காவும் போனார், கூப்பிட்டபோது போகாமல் இருப்பது அவருக்குத் தெரியாது. நான் மதியமே கடைக்கு வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். திரையின் மூலையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. யாழ்ப்பாணத்துப் பெண் அழுகிற பொம்மை முகங்களாக அனுப்பிக்கொண்டிருந்தாள். அக்கா எல்லோரிடமும் ‘varen’ என்றார். எல்லோரும் பதில் சொன்னார்கள். ‘அண்ணே, வெடி விடுறதப் பாத்துட்டுப் போங்க’ என்று மலேசியாக்காரர்களில் ஒருவர் கெஞ்சினார். முரடன் கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்க ஆரம்பித்துவிட்டான்.

மலையிலிருந்து ஊர் வாசல்வரை நல்ல தூரம். கல்லைத் தொட்டிருந்தால் ஒரு நொடி.

“அக்கா, இன்னிக்கு ஒருநாள் மட்டும் அந்தக் கல்லு...”

“கம்முனு இரு நைனா.”

அப்போது பார்த்துக் கடைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்க்கும் சமயம். ஒருவர் பின் ஒருவராகச் சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ். அக்கா எழுந்தார், திரையைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். நான் எழுந்துபோய் மெஷின் முன்னால் நின்றேன். எனக்கு நகல் எடுக்கத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. குடும்ப அட்டையைத் தலைகீழாகப் போட்டேன். ஓர் அம்மாளின் சான்றிதழ் பாதி கறுப்பாக வந்தது. “இன்னாய்யா இது, அக்காவ எடுக்கச் சொல்லு” என்று அவர் கத்தினார். “அக்கா ஒரு முக்கியமான விஷயமா இருக்காங்கம்மா, ரெண்டு நிமிஷம்” என்றேன். அந்த அம்மாள் எட்டித் திரையைப் பார்த்தார். தந்தம் முளைத்த ஒருவன் பனியில் ஓடிக்கொண்டிருந்தான். என்ன நினைத்தாரோ, பேசாமல் நின்றுவிட்டார்.

பாலம் வந்தது. வழியில் ஓநாய்கள் கடித்தன. அக்கா கோடரியை எடுக்கவே இல்லை, கடி வாங்கிக்கொண்டே நடத்தினார். மூலையில் எண்கள் சிவப்பாகிவிட்டன. உயிர் போகிற காரியத்துக்குக்கூட நான் அப்படிப் பதறியதில்லை.

வாசலுக்கு வந்துவிட்டார். பனிக்காரன் எப்போதும்போல் ஈட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். சுற்றிலும் ஆள் அரவம் இல்லை. எல்லோரும் மலையில் இருந்தார்கள்.

அக்கா கீபோர்டில் கை வைத்தார். ‘v’ என்று அடித்தார். அழித்தார். மறுபடி ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். திரையில் இப்படி வந்தது: ‘naan poren pa’.

பனிக்காரனைத் தட்டினார். மலையில் பனி அதிகம், பயணியே. பார்த்துப் போ என்றான். இன்னொரு முறை தட்டினார். அதையே சொன்னான். மூன்றாவது முறை தட்டியபோது திரை கறுத்து, இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று வந்தது.

நான் மெஷின் பக்கத்திலேயே நின்றிருந்தேன். “ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?”

“வரேன்னு சொன்னா காத்துகினு இருப்பான் நைனா” என்றார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு எழுந்தார். “இன்னாமா, எத்தினி காப்பி?” என்று அந்த அம்மாளிடம் கேட்டு, நான் கெடுத்துவைத்த தாள்களையெல்லாம் குப்பையில் போட்டார்.

அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் அவர் வேறு எதையும் விளையாடவில்லை. நான் ஒன்றிரண்டு புது விளையாட்டுகளைக் காட்டிப் பார்த்தேன். வேண்டாம் என்றார். கூட்டமில்லாத நேரங்களில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். காலையில் நான் “வரேன்க்கா” என்றால் நிமிர்ந்து பார்த்து, “பாத்துப் போய்ட்டு வா” என்பார். அந்த மார்கழியில் திருமுல்லைவாயிலில் பனிகூடக் கொஞ்சம் இறங்கியிருந்தது. “பனியா கீது, காத மூடிக்கோ” என்று ஒருநாள் சொல்லிவிட்டு, அவரே சிரித்துக்கொண்டார்.

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போதும் சொல்லிவிட்டுத்தான் போனேன். அல்வா வாங்கிவரச் சொன்னார். அம்மாவுக்குக் காய்ச்சலாக இருந்ததால் நினைத்ததைவிட அதிக நாள் தங்கிவிட்டேன். திரும்பி வந்து, அல்வா டப்பாவோடு நேராகக் கடைக்குப் போனேன். ஷட்டர் இறக்கியிருந்தது. பலகையைக் கழற்றியிருந்தார்கள். சுவரில் பலகை இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

எதிரே டீக்கடை மாஸ்டர் என்னைப் பார்த்ததும் பாய்லரை விட்டு வெளியே வந்தார்.

“வா அண்ணாத்தே. ஒன்னியத்தான் பாத்துகினு இருந்தேன். அக்கா காலி பண்ணிடுச்சு. எங்கன்னு கேக்காத, சொல்லல. தெருவுல ஒரு கட வுடாம ஏறி ஏறி எல்லார்கிட்டயும் சொல்லிகினு போச்சு. ஒங்கிட்ட சொல்லச் சொல்லிச்சு.”

“என்ன சொல்லச் சொன்னாங்க?”

“போறேன்னு.”

“வரேன்னு சொல்லியிருப்பாங்க மாஸ்டர்.”

“நானும் அத்தான் சொன்னேன். இன்னாக்கா, வரேன்னு சொல்லுக்கான்னேன். அடிக்க வந்துடுச்சு. போறேன்னுதான் சொல்லணும், மாத்தி கீத்தி சொல்லிடாதன்னுச்சு. யாரு வந்து கேட்டாலும் அதானாம்.” மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். “அந்தாளு வந்து கேட்டாலும் அதே வார்த்ததான் சொல்லணுமாம்.”

நான் ஷட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ வருஷம் இந்த வாசலை விட்டு நகராமல் இருந்தவர், அந்த மனிதருக்கும் சேர்த்து முடித்துவிட்டுப் போயிருக்கிறார். நல்லதுதான். நல்லது என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் எனக்கு எதற்கு அந்த வார்த்தை? நான் யார் அவருக்கு? தினமும் காலையில் ஒரு சொல் சொன்னவன், ஒரு சொல் வாங்கிக்கொண்டவன். அவ்வளவுதானே என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. வரேன் என்று சொல்லியிருந்தால் நான் காத்திருப்பேன் என்று அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஊரில் என்னைப் பற்றி அவ்வளவு தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.

“மாஸ்டர், இன்னொரு தடவ சொல்லுங்க.”

“எத்த?”

“அக்கா சொன்னதை.”

மாஸ்டர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“போறேன்னு சொல்லச் சொல்லிச்சு” என்றார்.

அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆவடி வண்டி வந்து நின்று போனது. நான் அல்வா டப்பாவைப் பிடித்துக்கொண்டு, பூட்டிய கடைக்கு முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.